கட்டையும் காகிதமும் ரப்பரும்

ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். மூன்றும் சமபங்கு. 1971இல் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி. விமானப் பிரிவில் பெயர் கொடுத்தபோது, விமானம் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் இந்தக் கலவைதான். கல்கத்தாவில் தயாரான, எலுமிச்சம்பழம் அளவே இருந்த மாதிரி விமான டீசல் எஞ்சின் ஒன்று. அதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளே அழுத்தப்படும் காற்றின் சூட்டில் ஈதர் முதலில் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் வலுவைத் தரும். விளக்கெண்ணெய் மசகாக இருந்து உலோகத்தைக் காக்கும். விசிறியை விரலால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். சட்டென்று கிளம்பிவிட்டால் விரலில் ஓர் அடி விழும். எங்கள் அணியில் அந்த அடி வாங்காத கேடட் ஒருவர்கூட இல்லை.

வீட்டில் அம்மா என் சட்டையை முகர்ந்துபார்த்து, “எங்கேடா விளக்கெண்ணெய்ல விழுந்து எழுந்தே?” என்று கேட்டாள். முதல் உலகப் போரில் பறந்த சுழல் எஞ்சின் விமானங்களுக்கும் அதே எண்ணெய்தான் மசகு. அதை நான் பிறகுதான் படித்தேன்.

அப்பா தச்சு ஆசாரி. ஒருநாள் பால்சாக் கட்டைத் துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். தேக்கும் வேம்பும் இழைத்துக் காய்த்த கை அது. சற்று நேரம் பேசாமல் கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். “இதுவும் மரமாடா?” என்றார். ஈக்வடார் நாட்டுக் காட்டில் சில ஆண்டுகளிலேயே நெடுநெடுவென்று வளரும் மரம், தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது என்று விளக்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நகத்தால் கீறி நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். “இறக்கையோட நீளத்துக்கு நார் ஓடணும். குறுக்கே ஓடினா மடங்கிப்போகும்” என்றார். அப்பா தம் வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. ஆனால் எங்கள் பயிற்சியாளர் அடுத்த வாரம் கரும்பலகையில் எழுதிப்போட்டதும் அதே விஷயம்தான்.

மாதிரி விமானம் செய்வதை இன்று பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெரிய விமானத்தைப் பார்த்துக் குழந்தைகள் செய்யும் சின்ன நகல் என்றே பலரும் நினைக்கிறார்கள். வரலாறு நேர்மாறாக நடந்தது. மாதிரிதான் முதலில் பறந்தது. மனிதனைச் சுமந்த எஞ்சின் விமானம் அதற்கு 32 ஆண்டுகள் கழித்தே தரையை விட்டு எழும்பியது.

அந்த மாதிரியைச் செய்தவர் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு வயது 21. 1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி, பாரிஸ் நகரத்து டுயிலரி தோட்டத்தில், அறிஞர்கள் சிலர் பார்த்துக்கொண்டிருக்க அதைக் கையிலிருந்து விட்டார். முழங்கை நீள இறக்கை, பின்னால் ஒரு விசிறி, அதைச் சுழற்ற முறுக்கிய ரப்பர். அவ்வளவுதான். 11 விநாடிகளில் ஏறக்குறைய 40 மீட்டர் போனது. தூரத்தைவிடப் பெரிய செய்தி அது நேராகப் போனதுதான். இறக்கையின் நுனிகளை லேசாக மேல்நோக்கி வளைத்திருந்தார். வாலில் சின்னதாக ஒரு பலகையை, இறக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் வைத்திருந்தார். மூக்கு தூக்கினாலும் தாழ்ந்தாலும் அந்த வால் அதைத் திருத்திவிடும். இன்று மீனம்பாக்கத்தில் இறங்கும் ஜெட் விமானத்தின் வாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெனோ 30 வயதில் இறந்துபோனார். பெரிய விமானம் ஒன்றைக் கட்ட அவருக்குப் பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

ஆனால் அவருடைய இன்னொரு பொம்மை கடல் கடந்தது. நான் பாடம் நடத்திய 34 ஆண்டுகளிலும், அதன்பின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளிலும், எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை இது. 1878ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் வெளியூர் போய் வீடு திரும்புகிறார். கையில் எதையோ மறைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், பிள்ளைகள் என்னவென்று பார்ப்பதற்குள் அதை மேலே எறிகிறார். அது கீழே விழவில்லை. உத்தரம் வரை பறந்துபோய் முட்டி, அங்கேயே சற்றுப் படபடத்து, பிறகுதான் இறங்கியது. தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர் ஆகியவற்றால் ஆன அது, பெனோ வடிவமைத்த பொம்மை ஹெலிகாப்டர். ரைட் சகோதரர்களில் வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்விலுக்கு 7. அதற்கு ‘வௌவால்’ என்று பெயர் வைத்தார்கள்.

மெல்லிய காகிதம் எத்தனை நாள் தாங்கும்? பொம்மை கிழிந்தது. அப்பாவிடம் போய் இன்னொன்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிள்ளைகள் தாங்களே ஒன்று செய்தார்கள். பிறகு அதைவிடப் பெரியது, அதையும்விடப் பெரியது என்று செய்துகொண்டே போனார்கள். பெரிதாக்க ஆக்க அது பறக்க மறுத்தது. ஏனென்று அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை. நீள அகலங்களை இரு மடங்காக்கினால் எட்டு மடங்கு வலு தேவைப்படும் என்பது பின்னாளில்தான் புரிந்தது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்த மாணவன் தேர்வு முடிந்ததும் மறப்பான். தோற்றுப்போன வௌவாலைக் கையில் வைத்திருந்த பையன் எப்படி மறப்பான்? வகுப்பில் இரண்டு மரத்துண்டுகளை வைத்து நோண்டிக்கொண்டிருந்த ஆர்வில் டீச்சரிடம் பிடிபட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. பறக்கும் எந்திரத்தின் பாகம் செய்கிறேன், இதையே பெரிதாகச் செய்தால் நானும் அண்ணனும் பறக்கலாம் என்றானாம்.

அந்தக் கைப்பழக்கம் கடைசிவரை அவர்களை விட்டுப் போகவில்லை. சைக்கிள் கடையில் டியூப் வந்த அட்டைப் பெட்டியை வில்பர் கையில் வைத்து முறுக்கியபோதுதான், இறக்கையையும் அப்படி முறுக்கினால் விமானத்தை ஒருபக்கம் சாய்த்துத் திருப்பலாம் என்று தோன்றியது. 1899இல் ஐந்தடி அகலப் பட்டம் ஒன்றைக் கட்டி அதைச் சோதித்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பட்டத்துக்குச் சூத்திரக்கயிறு கட்டும்போது மேல்முடிச்சைக் கொஞ்சம் இறக்கியும் ஏற்றியும் பார்ப்பார்களே, அதுவும் இந்த வகைச் சோதனைதான். 1901இல் அதுவரை எல்லோரும் நம்பிய அட்டவணைகள் தங்கள் கிளைடருக்குப் பொருந்தவில்லை என்று கண்டதும், ஆறடி நீள மரப்பெட்டியில் விசிறியை வைத்துக் காற்றுச் சுரங்கம் செய்தார்கள். ரம்ப பிளேடும் சைக்கிள் ஆரக்கம்பியும் கொண்டு தராசு செய்தார்கள். ஏறக்குறைய 200 குட்டி இறக்கைகளைத் தகட்டில் வெட்டி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த 12 விநாடிகளைப் பாடநூல் சொல்கிறது. அந்த 200 தகட்டுத் துண்டுகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சென்னையிலும் கைவேலையிலிருந்து விமானம் பிறந்திருக்கிறது. 1909இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவரைத் தூங்கவிடவில்லை. தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைக் கட்டிக்கொடுத்தது கோச்சு வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனி. 1910இல் அது சென்னையில் பறந்தது. கோச்சு வண்டிப் பட்டறை விமானம் கட்டியதில் வியப்பு ஒன்றுமில்லை. அன்றைய விமானம் மரச்சட்டம், துணி, கம்பி. மரம் எங்கே வளையும், எங்கே முறியும் என்று தெரிந்த கைகள்தான் அதற்குத் தேவைப்பட்டன. அந்தப் பட்டறையில் இழைப்புளி பிடித்தவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வரும்.

மாதிரி செய்வதைப் பள்ளிக்கூட வேலையாகவே ஒரு நாடு எடுத்துக்கொண்ட சம்பவமும் உண்டு. 1942இன் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர விமானங்களைக் கேட்டது. வானத்தில் தெரிவது நம் விமானமா, எதிரி விமானமா என்று வீரர்கள் நொடியில் அடையாளம் காணப் பழக அவை தேவைப்பட்டன. உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு, கறுப்பு வண்ணம், ஐம்பது வகைகள். அளவுத் தகட்டோடு பொருந்தாத மாதிரியை வாங்க மாட்டார்கள். மரவேலை வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் மில்லிமீட்டர் கணக்கில் உப்புத்தாள் போட்டார்கள். போர்க்காலத் தேவைதான், அதை நான் கொண்டாடவில்லை. ஆனாலும் பள்ளிக் குழந்தையின் கைவேலையை ஒரு நாடு அவ்வளவு நம்பியது என்பதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

ராமேஸ்வரத்தில் ஓர் ஆசிரியர் கத்தியும் கட்டையும் இல்லாமலே பறத்தலைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்தார். சிவசுப்பிரமணிய ஐயர் ஐந்தாம் வகுப்பில் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் இறக்கை, வால், தலை எல்லாம் வரைந்து விளக்கினார். முடித்துவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். அப்துல் கலாம் என்ற பையன் எழுந்து, புரியவில்லை என்றான். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஐயருக்குக் கோபம் வரவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கூட்டமாகப் பறந்த பறவைகளைக் காட்டி, இறக்கையை எப்போது அடிக்கின்றன, திரும்பும்போது வாலை என்ன செய்கின்றன என்று பார்க்கச் சொன்னார். தம் வாழ்க்கை எந்தத் திசையில் போகவேண்டும் என்பது அந்த மாலையில் முடிவானதாகக் கலாம் மேடைதோறும் சொல்லிவந்தார். நானும் ஆசிரியராக இருந்தவன். புரியவில்லை என்று ஒரு பையன் அச்சமில்லாமல் சொல்லும்படி வகுப்பை வைத்திருந்தாரே, அந்த ஆசிரியரைத்தான் நான் முதலில் வணங்குவேன்.

அந்தப் பையன் பின்னாளில் போய்ச் சேர்ந்த இடம் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் அது. சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் மாளிகையை விற்ற பணத்தைப் போட்டு 1949இல் அங்கே எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள். அப்போதே விமானப் பொறியியலை ஒரு துறையாக வைத்தார். மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகியவையும் இருந்தன. விமானத் துறைக்குத் தலைவராக வால்டர் ரெப்பன்தின் என்ற ஜெர்மானியர் வந்தார். கலாம் சேர்வதற்கான கட்டணத்துக்காக அவர் அக்கா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தது ஊரறிந்த செய்தி.

அந்த வளாகத்தில் பறப்பதிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். உறுப்புகளைத் தொட்டுப் பார்த்துக் கற்பதற்காக வைத்தவை. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போனபிறகும் கலாம் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பாராம். எஞ்சின் ஓடாத, இனிப் பறக்காத இரண்டு பழைய விமானங்கள் ஒரு மாணவனுக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கேதான் தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பு வேலையும் நடந்தது. நாலு நண்பர்களோடு கலாமுக்குக் கொடுத்த பணி. காற்றியக்க வடிவம் அவர் பொறுப்பு. இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் பார்த்துவிட்டுத் திருப்தியில்லை என்றார். ஒரு மாத அவகாசம் கேட்டார் கலாம். கிடைத்தது மூன்று நாள். பேராசிரியர் இதை வெள்ளிக்கிழமை பிற்பகலில் சொன்னார். திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்து வரைபலகையே கதியென்று கிடந்தார் கலாம். ஞாயிறு காலை யாரோ அறையில் நிற்பது போலத் தோன்றி நிமிர்ந்தால், டென்னிஸ் உடையிலேயே பேராசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கட்டித் தழுவித் தட்டிக்கொடுத்தார். அதே கல்லூரியின் தமிழ்ச் சங்கம் வைத்த கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தைத் தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார் கலாம். பரிசு தந்தவர் ஆனந்த விகடனின் தேவன். அந்தக் கட்டுரையை எழுதிய கையில் ஏற்கெனவே வரைபலகை மை படிந்திருந்தது.

நான் அதுபோன்ற கல்லூரிக்குப் போகவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து வாத்தியாரானேன். ஆனால் என்.சி.சி. எனக்குச் சனிக்கிழமைகளைத் தந்தது. விமானப் பிரிவு 1950 ஏப்ரல் 1 அன்று பம்பாயிலும் கல்கத்தாவிலும் முதலில் தொடங்கியது. பிறகு நம் பக்கமும் வந்தது. பரேடு, துப்பாக்கி, இட்லிப் பொட்டலம் எல்லாம் உண்டு. எனக்கு மாதிரி விமானம் கட்டும் அந்த ஓர் அறைதான் உலகம். நீளமான மேசை, அதன்மேல் குண்டூசி குத்திய வரைபடம். பிளேடால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, அடுக்கி, உப்புத்தாள் தேய்த்து, மெல்லிய தாள் ஒட்டி, டோப் என்ற பூச்சைப் பூசினால் தாள் முரசுத் தோல்போல இறுகும். அதை விரலால் தட்டி ஓசை கேட்பது பெரிய சந்தோஷம். ஒரு மாதிரிக்கு ஆறு வாரம் ஆகும். முதல் நாளே மோதி நொறுங்கும். மறுவாரம் அதே மேசைக்கு அதைக் கொண்டுவருவோம்.

இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி எங்களிடம் இருந்தது. கைப்பிடியைச் சாய்த்தால் வால் அசையும், விமானம் ஏறும், இறங்கும். பறக்கவிடுபவன் நடுவில் நின்று அதனோடு சுழல வேண்டும். முதல் நாள் தலைசுற்றி விழுந்தேன். ஆனால் ஏறும்போது கம்பி தளர்வதையும், இறங்கும்போது இழுப்பதையும் என் மணிக்கட்டு அன்றே படித்துவிட்டது.

ஒரு முகாமில் ரோகிணியில் ஏறினேன். எஞ்சின் இல்லாத இரட்டை இருக்கை மரக் கிளைடர் அது. தரையில் இருந்த வின்ச் கம்பியை இழுக்க, பட்டம்போல மேலே போய்க் கம்பியைக் கழற்றிவிட்டதும் வந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. நம் நாட்டின் சிவில் விமானத் துறை வடிவமைத்த கிளைடர்களுக்கு நட்சத்திரப் பெயர்களை வைத்தார்கள். அஸ்வினி, பரணி, ரோகிணி, கார்த்திக், மிருகசீர், பிறகு ஆர்த்ரா, அதாவது நம் திருவாதிரை. ரோகிணியையும் ஆர்த்ராவையும் எச்.ஏ.எல். தொழிற்சாலை கட்டிக்கொடுத்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டி வண்டிக்குப் பெயர் வைத்த அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மேலே போனபோது இறக்கையின் விலா எலும்புகள் எப்படி அமைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், என் கையால் வெட்டியிருக்கிறேன். அதனால் பயமில்லை.

அமெரிக்காவில் பால் மக்கிரெடி என்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவயதில் மாதிரி விமானப் போட்டிகளில் வென்றவர். மனிதன் தன் காலால் மிதித்தே பறந்து, அரை மைல் இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு போட்டுக் காட்ட வேண்டும் என்று 1959இல் கிரெமர் பரிசு அறிவித்தார்கள். 18 ஆண்டுகள் யாராலும் முடியவில்லை. மற்றவர்கள் வழுவழுப்பாக, நேர்த்தியாக விமானம் கட்டினார்கள். மோதினால் சரிசெய்ய மாதக்கணக்கு ஆயிற்று. மக்கிரெடி அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தாள், கம்பி வைத்து 96 அடி இறக்கை கட்டினார். உடைந்தால் சில மணி நேரத்தில் ஒட்டிவிடலாம். உடைத்துக்கொண்டே, ஒட்டிக்கொண்டே போனார். 1977 ஆகஸ்ட் 23 அன்று பரிசு அவருக்குக் கிடைத்தது. மாதிரி விமான மேசையில் வளர்ந்தவனுக்கு உடைசல் பயம் தராது.

நான் பணியாற்றிய பள்ளிகளில் ஒன்றில், பயிற்சிக்கென்று வந்த பால்சாப் பெட்டிகள் இரண்டு ஆய்வகப் பீரோவில் ஏழு ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. பிள்ளைகள் உடைத்துவிட்டால் கணக்கு யார் சொல்வது என்று பயம். சாவி ஒருவழியாகக் கிடைத்தபோது கட்டையில் பூச்சி அரித்திருந்தது. அன்று நான் அழுதேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இன்று பிள்ளைகள் டிரோனைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொத்தானை அமுக்கிப் பறக்கவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது நிலையாக நிற்பது உள்ளே இருக்கும் சில்லின் திறமை, பிள்ளையின் திறமை இல்லை. அது பழுதானால் கடைக்குப் போகிறது, மேசைக்கு வருவதில்லை.

ஓய்வுபெற்றபிறகு ஞாயிறு காலையில் எங்கள் ஊர் நூலகத்துத் திண்ணையில் ஒரு வகுப்பு வைத்திருக்கிறேன். பால்சா விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. மூங்கில் சிம்பு, தென்னை ஈர்க்குச்சி, மெல்லிய தாள், ரப்பர் பட்டை போதும். முதல் நாள் பனையோலைக் காற்றாடிதான். இரண்டு ஓலைத் துண்டு, ஒரு கருவேல முள். ஓடினால் சுழலும். ஓலையை எந்தப் பக்கம் மடித்தால் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அடுத்த வாரம் கிளைடர். மூக்கில் ஒட்டக் களிமண் கொடுப்பேன், எவ்வளவு என்று சொல்லமாட்டேன். மூக்கு தூக்கித் திணறி விழும், மண்ணைக் கூட்டுவார்கள். குப்புற விழும், குறைப்பார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எடை சமநிலையானால் சறுக்கிக்கொண்டு போகும் என்பதை விரல்நுனியில் வைத்து அவர்களே அறிந்துகொள்வார்கள். போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி செய்த கிளைடர் நூலக மாடியிலிருந்து 14 விநாடி பறந்தது. கீழே ஓடிப்போய் எடுத்துவந்தவள், “சார், வலப்பக்கமே இழுக்குது, வாலைக் கொஞ்சம் மடிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

தலைமை ஆசிரியர்களே, பெற்றோர்களே, வாரத்தில் இரண்டு மணி நேரமும் ஒரு மேசையும் மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். பீரோச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். உடைந்தால் உடையட்டும். கற்றுத்தர ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். என் முழங்கால் இன்னும் பேருந்துப் படி ஏறுகிறது, களிமண்ணும் ரப்பர் பட்டையும் நான் கொண்டுவருகிறேன்.